நான் மட்டும் கேட்காத பாட்டு

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் அல்ல, சலிப்பினால். சுடுகாட்டு ஓரத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், லொறியில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் செத்தவன் செத்தவன்தான் என்று தெரிகிற அளவுக்கு அறிவு இருந்தது. இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை. வேறு யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு மனதுக்குள் சிரித்திருப்பேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது எங்கள் லயத்து ஆட்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள், எல்லோரும் கேட்டார்கள், நான் மட்டும்தான் கேட்கவில்லை. அதுதான் இதில் உள்ள கோளாறே.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில் இருந்தது. அப்பா முகம் எனக்கு நினைவில்லை, அம்மா காய்ச்சலில் போனபோது நான் தேயிலைச் செடி உயரம்கூட இல்லை. என்னை வளர்த்தது அண்ணன் மாரிமுத்துதான். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போவார், வந்து சோறு வடிப்பார், எனக்குத் தலை வாரிவிடுவார். வளர்ந்ததும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அட்டனில் தேத்தண்ணிக் கடை, பிறகு லொறியில் கிளீனர், பிறகு அக்கரப்பத்தனையில் கொஞ்ச நாள் விறகு வெட்டு, பிறகு இறம்பொடையில் ரோட்டுக்குக் கல் உடைப்பது என்று போய்க்கொண்டே இருந்தேன். ஆனால் எங்கே இருந்தாலும் மாசி மாதம் வந்தால் வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணன் பாடுவதைக் கேட்பதற்காக.

மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் பிறை பார்த்ததும் கொட்டைமுத்து என்கிற ஆமணக்குச் செடியும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் கம்பம் ஊன்றுவார்கள், அதுதான் காமன். பௌர்ணமி வரைக்கும் ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிவருவார்கள். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமனை எரிப்பார்கள். அப்போது ரதியின் தாலியை அறுத்துவிடுவார்கள், ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் சாம்பலில் பால் தெளித்துக் காமனை எழுப்புவார்கள். மன்மதன் எழுந்து வந்து ரதிக்கு மறுபடியும் தாலி கட்டுவான், எல்லோரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிரிப்பார்கள். ரதி வேஷம் ஆண்கள்தான் கட்டுவது. எங்கள் தோட்டத்தில் அது எங்கள் குடும்பத்து வேஷம். அப்பா கட்டினார், அப்புறம் அண்ணன்.

அண்ணன் பாடும்போது வானத்தைப் பார்த்துப் பாடுவார். "எரிஞ்ச எடம் ஆறலையே என் தொரையே, எழுப்பிவிட ஆளில்லையே" என்று அவர் இழுக்கும்போது "தொரையே" என்கிற இடத்தில் குரல் ஒரு தடவை முறியும். அந்த முறிவுக்காகவே பெண்கள் காத்திருப்பார்கள். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. எங்கள் லயத்தில் பிள்ளை செத்தால் தாய்க்கு அழ நேரம் கிடையாது, அடுத்த காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்ததும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்கு நிற்க வேண்டும். அவர்கள் அந்த அழுகையை எல்லாம் மடியில் முடிந்து வைத்திருந்து காமன் எரிகிற அன்றைக்குத்தான் அவிழ்ப்பார்கள். நானும் அப்படித்தான். அந்த இடத்தில் குரல் முறிந்ததும் எனக்கு அம்மாவின் கை நினைவு வரும், முகம் வராது, கொழுந்துக் கறை படிந்த கை மட்டும் வரும். ஒருமுறை அண்ணனிடம் "எப்பிடிண்ணே அழ வைக்கிறே?" என்று கேட்டேன். "நான் எங்கடா பாடுறேன்? அவங்க பாடுறாங்க. நான் அடி எடுத்துக் குடுக்கிறேன், அம்புட்டுத்தான்" என்றார்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, எங்கள் தோட்டத்தில் மட்டும் வெள்ளைக்காரத் தொரைதான் இருந்தார். மேலே எங்கள் குளிருக்குக் கொட்டைமுத்து சரியாக வராது. அதனால் காமன் ஊன்றுவதற்கு முன்னால் கீழே நாட்டுக்குப் போய், அதாவது சிங்களக் கிராமத்துக்குப் போய், அப்புஹாமி என்ற ஒருவரின் தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டு வருவது வழக்கம். ரதி கட்டுகிறவர்தான் அதைத் தலையில் சுமந்து வர வேண்டும். அண்ணன் காலையில் போனார், சாயந்தரம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

ஆட்கள் தேடிப் போனார்கள். அப்புஹாமி, "முத்து அன்றைக்கே செடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானே" என்று சிங்களத்தில் கையை விரித்தாராம். பாதை நெடுகத் தேடினார்கள், காட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு யாரோ அண்ணனைப் பூண்டுலோயா பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். அதற்குள் வேறு செடி வாங்கிவந்து காமனை ஊன்றிவிட்டார்கள்.

எனக்குச் செய்தி இறம்பொடையில் ஒரு லொறி டிரைவர் மூலம் வந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு நடந்தேன். தோட்டத்தில் நுழைந்ததும் மலைத்தண்ணீர் குழாயாக விழுகிற பீலி. அங்கே ராமாயி அண்ணி குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"என்னா ராமாயி, ஒன் வீட்டுக்காரரு கொட்டமுத்து தேடிப் போனாரா, கொமரியத் தேடிப் போனாரா?"

"ரதி வேஷம் கட்டிக் கட்டி மன்மதனாவே ஆயிட்டாருடி."

சிரித்தார்கள். அண்ணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவரு வந்ததும் இத அவருகிட்டவே கேளுங்க. எனக்குச் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். லயத்தில் எங்கள் அறையான காம்பராவுக்குள் வந்ததும் குடத்தை இறக்கினார்.

"ஒங்க அண்ணன் ஓடிட்டாராம் தம்பி. லயமே சொல்லுது. நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கிறீங்களா?"

"இல்லண்ணி."

"அப்ப எங்க இருக்காருன்னு சொல்லுங்க."

அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. அந்த மாசியில் மாற்றியிருந்தார் போல. அதையே கையால் உருட்டிக்கொண்டு நின்றார். புருஷன் செத்தால் அழுது தீர்க்கலாம், ஓடிவிட்டான் என்றால் அதுவும் முடியாது, உயிரோடு இருக்கிறவனுக்கு அழுவது எப்படி? அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லத்தான் ஆள் இல்லை.

கூத்து நடத்துகிற வேலு மாஸ்டர் மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "காமன ஊனியாச்சு, ரதி இல்லாம எரிக்க ஏலாது. ஒங்க வீட்டு வேஷம், நீதான் கட்டணும்" என்றார்.

"மாஸ்டர், எனக்குப் பாட வராது."

"அது எனக்குத் தெரியாதா? நீ பாடினா சிவன் கண்ணத் தொறக்க வேண்டாம், காமன் தானே ஓடிருவான். என்னா செய்ய, வேற ஆள் இல்ல."

பக்கத்தில் தப்புக்காரர் சடையன் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். "மீசைய மட்டும் எடுத்திரு கருப்பையா, மத்தபடி நீ நல்ல லெச்சணமான பொண்ணுதான்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படித்தான் என் கையில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் சில நெறிகள் உண்டு. கவிச்சி கூடாது, கள் கூடாது, முக்கியமாகச் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, பிணத்தைத் தொடக் கூடாது. மூன்றாம் நாள் காமன் எழுந்த பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். சாவு வீட்டுக்கு நான் எங்கே போகப் போகிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எரிக்கிற நாள். தொரை விடியும் வரைதான் அனுமதி கொடுத்திருந்தார், பெரட்டுக்கு ஆள் வந்துவிட வேண்டும். எனக்குச் சேலை கட்டிவிட்டது அண்ணி. அண்ணனுக்கும் வருஷா வருஷம் அவர்தான் கட்டிவிடுவார். கொசுவத்தை மடித்துக்கொண்டே, "அவருக்கு இடுப்பு பெருசு, சேலை பத்தவே பத்தாது. நீங்க ஒல்லி, ரெண்டு சுத்து மிஞ்சுது" என்றார். மிஞ்சிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடுப்பில் செருகிவிட்டார். ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடத்தை அவர்தான் எடுத்துத் தந்தார். அதன் உள்பக்கம் அண்ணன் தலை எண்ணெய் வாடை இருந்தது.

கிழக்கே வெளுக்கிற நேரத்தில் சிவன் கண்ணைத் திறந்தார். காமனுக்குத் தீ வைத்தார்கள். வேலு மாஸ்டர் என் கழுத்துத் தாலியை, அது ஒரு மஞ்சள் துண்டு கோத்த கயிறு, அறுத்தார். சடையன் தப்பைச் சாவு அடிக்கு மாற்றினார். நான் சாம்பலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பாடத் தொடங்கினேன்.

இனி நான் சொல்வது எனக்கு நடந்தது. எனக்கு நடந்தது இவ்வளவுதான். மாஸ்டர் சொல்லித்தந்த அடிகளைப் பாடினேன். "எரிஞ்ச எடம் ஆறலையே" என்று தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல், மோசமாக. புகை கண்ணில் ஏறியது. "தொரையே" என்கிற இடத்தில் அண்ணனைப் போல முறிக்கப் பார்த்தேன், எனக்கு இருமல்தான் வந்தது. பெண்கள் அழுதார்கள், அது எப்போதும் நடப்பதுதான். பிறகு அழுகை நின்றுவிட்டது. அது எப்போதும் நடப்பதில்லை. தப்பும் நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. அடி தப்பிவிட்டது போலிருக்கிறது, மாஸ்டர் திட்டப்போகிறார் என்று பயந்துபோய் இன்னும் சத்தமாகப் பாடினேன். தப்பு இல்லாமல் தனியாக என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அப்போது அண்ணி எழுந்தார். என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார், யாரோ ஏதோ சொல்ல, சரி என்று ஒத்துக்கொள்வது போல. பிறகு திரும்பி, தேயிலைக்கு ஊடாகக் கீழே இறங்கும் குறுக்குப் பாதைப் பக்கம் ஓடினார். நான்கைந்து ஆண்கள் பின்னால் ஓடினார்கள்.

வேலு மாஸ்டர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"போதும். போதும் மாரி" என்றார்.

"மாஸ்டர், நான் கருப்பையா."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. கடைசியில் சடையன்தான் சொன்னார், தப்பை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஒங்க அண்ணன் பாடினாருடா."

"எங்க?"

"ஒன்கிட்ட இருந்துதான்."

நான் மாஸ்டர் சொல்லித்தந்ததைத்தானே பாடினேன் என்றேன். "முதல் அடி நீ பாடினே. அதுக்கப்புறம் நீ இல்ல" என்றார். என் வாய் அசைந்தது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன், பாட்டு மட்டும் வந்தது என்று சடையன் இன்றைக்கும் சாதிக்கிறார். குரல் யாருடையது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. "தொரையே" இருக்க வேண்டிய இடத்தில் "ராமாயி" என்று வந்ததாம். அந்த இடத்தில் குரல் முறிந்ததாம்.

பாட்டில் என்ன இருந்தது என்பதைப் பேச்சாக மட்டும் சொன்னார்கள். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன், பனி மூடிவிட்டது, காலுக்குக் கீழே கல் புரண்டது. குறுக்குப் பாதைக்குக் கீழே கித்துள் மரம் சாய்ந்திருக்கிற பள்ளத்தில் கிடக்கிறேன். பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, நாக்குத்தான் நனையவில்லை. தேடி வந்தவர்கள் கூப்பிட்டது கேட்டது, எனக்குத்தான் பதில் சொல்ல வாய் இல்லை. ராமாயி, நான் எங்கேயும் போகவில்லை. இப்படி.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. யாரோ முன்பே பார்த்திருப்பார்கள், பயந்து மறைத்திருப்பார்கள், கூட்டத்தில் கத்தியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வருஷக்கணக்கில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். அந்த விடியலில் அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் சொன்னார்கள்.

அண்ணன் அங்கேதான் கிடந்தார். கித்துள் மரத்துக்குக் கீழே, பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். தலைமாட்டில் கொட்டைமுத்துக் கட்டு அவிழாமல் இருந்ததாம். ஈரத்தில் விதைகள் உதிர்ந்து, அவர் தலையைச் சுற்றி விரல் நீளத்துக்கு முளைத்து நின்றனவாம். பொலிஸ் வந்தது, கிராமத்துத் தலைவரான நாட்டு ஆராச்சி வந்தார், அப்புஹாமி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விழுந்ததில் கழுத்து முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

இருந்ததாம், சொன்னாராம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேனே, கவனித்தீர்களா? நான் எதையும் பார்க்கவில்லை. என் கையில் காப்பு இருந்தது. பள்ளத்துக்கு ஓடப்போனவனை வேலு மாஸ்டர் வழி மறித்தார்.

"காப்போட போனா காமன் எந்திரிக்க மாட்டான்டா. அப்புறம் தோட்டத்துல ஒரு தாலி நெலைக்காது."

"என் அண்ணன் மாஸ்டர்."

"எனக்கும் அவன் தம்பிதான்."

காப்பை அறுத்து எறியக் கையை வைத்துவிட்டேன். அப்போது அண்ணி மேலே ஏறிவந்தார். சேலை முழுக்கச் சேறு. அவர் அழவில்லை. அழுது முடித்த முகம் ஒன்று உண்டே, அப்படி இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன், இதைச் சொல்வது தவறோ என்னவோ.

"அவரு ஓடல தம்பி" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "அத அவுக்காதீங்க."

"அண்ணி, நான் தூக்க வேண்டாமா? ஒரு பிடி மண்ணுப் போட வேண்டாமா?"

"வேண்டாம். நீங்க இங்கயே இருங்க. காமன் எந்திரிக்கட்டும். ஒருத்தியாச்சும் தாலியோட இருக்கட்டும்."

சேலையும் அரிதாரமுமாகச் சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்தவரை யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் பறைச் சத்தம் தேய்ந்துபோகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். வழக்கத்தை நிறுத்தக் கூடாது என்று அண்ணியே சொல்லிவிட்டார். அண்ணியின் தாலியை இறக்குவதற்கும் அதே நாளைத்தான் அவர் கேட்டிருந்தார், அதுவரை கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். காமன் பொட்டலில் மன்மதன் வேஷக்காரன் எழுந்து வந்து என் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைக் கட்டினான். குலவை போட்டார்கள். பீலிப் பக்கத்திலிருந்து அதே நேரத்தில் அழுகைச் சத்தம் வந்தது. அங்கே பெண்கள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்து அவர் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பு சிரித்தவர்கள்தான் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்கள். நான் தாலியோடு நின்றேன். மீசை இல்லாத முகத்தோடு, இரண்டு சுற்று மிஞ்சிய சேலையோடு. அன்றைக்கு மஞ்சள் தண்ணீர் யாரும் யார் மேலும் ஊற்றவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, தூக்கவில்லை, மண் போடவில்லை. கடைசியாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் என் தொண்டையில் இருந்துகொண்டு. லயத்தில் எல்லோர் காதிலும் அது விழுந்திருக்கிறது. எனக்கு விழவில்லை. யாராவது பாடிக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது, பாடினால் சாவைக் கூப்பிட்ட மாதிரி. அது எனக்கும் தெரிந்த சட்டம்தான். வேறு சாவு விழுந்த வீடுகளில் போய் உட்கார்ந்து பார்த்தேன், அங்கே பாடுவார்கள் என்று. அங்கே அந்தப் பிணத்துக்கு உரிய பாட்டைத்தான் பாடினார்கள். இது அண்ணனுடையது, இதை இன்னொரு சாவுக்குப் பாட முடியாது என்றார்கள். மறுபடியும் ஊர் சுற்றப் போய்விட்டேன். காமன் கூத்தில் ரதி வேஷம் வேறு குடும்பத்துக்குப் போனது.

வருஷங்கள் ஓடின. பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிற பேச்சுப் பலமாக இருந்த காலத்தில் அண்ணியின் அப்பா குடும்பம் கிளம்பியது, அண்ணியையும் கூட்டிக்கொண்டு. நான் அட்டன் ஸ்டேசனுக்குப் போனேன். ரயிலுக்குக் காத்திருந்த இடம் முழுக்கத் தகரப்பெட்டியும் அழுகையுமாக இருந்தது. அண்ணிக்கு முன்தலை நரைத்திருந்தது. எனக்கு ஒரு பொட்டலம் அவல் கொடுத்தார். நான் கேட்டேன்.

"அண்ணி, நீங்க போயிட்டா அத முழுசாச் சொல்ல ஆளில்ல. ஒரே ஒரு தடவ பாடுங்க."

"என்னா பேச்சு தம்பி இது? உசுரோட நிக்கிறவரு முன்னாடி ஒப்பாரி பாடுவாங்களா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல."

"நம்பாதவருதான் இத்தன வருஷமாத் தேடுறீங்களாக்கும்" என்று சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் சட்டைக் காலரைச் சரி செய்தார், சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல.

"கேட்டா தாங்க மாட்டீங்க தம்பி. அதுல ஒங்களுக்கும் ஒரு அடி இருந்திச்சு."

அது எனக்குப் புதுச் செய்தி. அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"எனக்கா? என்னா அடி அண்ணி?"

ரயில் வந்துவிட்டது. தள்ளுமுள்ளில் அவர் அப்பா அவரை ஏற்றிவிட்டார். ஜன்னலில் முகம் தெரிந்தது. நான் கூடவே நடந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அக்கரையில் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிவந்து மிச்சம் இருந்தவர்களைக் கேட்டேன். வேலு மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். சடையனைப் பிடித்தேன். "பாட்டுல எனக்கு ஒரு அடி இருந்திச்சாமே?" அவர் தப்பின் தோலைத் தடவிக்கொண்டே, "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லடா. அது பொம்பள, எதையாச்சும் சொல்லும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பீலியில் நின்ற பெண்களைக் கேட்டேன், அவர்களும் இல்லை என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, கேட்டு முடிப்பதற்குள்ளேயே, இல்லை என்றார்கள்.

சரி, இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அது என்னைத் தூங்க விடாது. இப்போதும் நான் தோட்டத்துக்குப் போனால், கீழே இறங்கும்போது அந்தக் குறுக்குப் பாதையில் என்னைத் தனியாக விட மாட்டார்கள். அண்ணன் விழுந்த பாதை. பிள்ளைகள் ஓடி இறங்குகிற பாதைதான் அது, கொழுந்து மூட்டையோடு பெண்கள் போகிற பாதைதான். நான் அந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் யாராவது ஒருவர், அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் யாராவது ஒருவர், வேலையைப் போட்டுவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். "அதுல போகாத கருப்பையா, ரோட்டால போவோம், நானும் வாறேன்" என்று சுற்றுப்பாதையில் கூட்டிக்கொண்டு போவார்.

ஏன் என்று கேட்டால், பனி விழுந்திருக்கிறது, கல் வழுக்கும் என்கிறார்கள். நல்ல வெயில் காய்கிற நாளிலும் அதையேதான் சொல்கிறார்கள்.